புகையை வாசிக்கத் தெரியாத வாசகர்கள்

நம் சிறுகதைகளில் மெக்கானிக் வருவதுண்டு. கிரீஸ் படிந்த சட்டை, நகக்கண்ணில் கறுப்பு, காதில் செருகிய பீடி. வறுமைக்கு ஒரு குறியீடு வேண்டுமென்றால் பட்டறைப் பையன். பட்டணத்துக் கதாநாயகனைக் கிராமத்துக்குள் இட்டுச்செல்ல வேண்டுமென்றால் நடுவழியில் நின்றுபோன கார், அதைச் சரிசெய்ய வரும் ஒரு பெரியவர். அவர் பானெட்டைத் திறப்பார், எதையோ முடுக்குவார், வண்டி கிளம்பிவிடும். அந்த ‘எதையோ’ என்ன என்று எழுத்தாளர் கேட்பதில்லை, வாசகரும் கேட்பதில்லை. வழக்கறிஞர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பக்கம் பக்கமாக எழுதுவோம். வைத்தியர் நாடி பிடிப்பதில் ஒரு மெய்ஞ்ஞானமே இருப்பதாக எழுதுவோம். பட்டறைக்காரரின் கை மட்டும் நமக்குத் தெரிகிறது, அவர் யோசிப்பது தெரிவதில்லை.

நுட்பமான வாசிப்பு பற்றி ஓயாமல் பேசும் ஒரு கூட்டம், தன் கண்ணெதிரே நடக்கும் மிக நுட்பமான ஒரு வாசிப்பை உடலுழைப்பு என்று தள்ளிவிட்டது என்பது என் குற்றச்சாட்டு. இதனால் நஷ்டப்படுவது நாமல்ல. பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டு, அதற்கு என்ன நோய் என்று சொல்லவும் கேட்கவும் மொழியில்லாமல் நிற்கும் மனிதர்.

உத்திரமேரூரை எடுத்துக்கொள்கிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லாரும் குடவோலை என்பார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள். கால் வேலி நிலம். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் ஆகாது. பாடப்புத்தகத்தில் வந்த செய்திகள். அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியத்தோடு பொன் வாரியம் என்ற ஒன்றும் உண்டு. பொன்னின் மாற்றைப் பார்ப்பது ஊருக்குப் பொதுவான பொறுப்பு என்று நினைத்திருக்கிறார்கள். இன்று அதே ஊரில் ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் வாங்கும் மிகப் பெரிய பொருள்களில் ஒன்றான பழைய காரை உரைத்துப் பார்க்க எந்த வாரியமும் இல்லை. கடைத்தெருவுக்கு அப்பால் தகரக் கூரை போட்ட மெக்கானிக் ஷெட்டுகள்தாம் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவின் டெட்ராய்ட் என்று பத்திரிகைகள் அழைக்கும் வட்டாரம் இந்த ஊரிலிருந்து அதிக தூரமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோவை உருவாக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010இல் வந்தது. மறைமலைநகரில் ஃபோர்டு ஐகானும் ஃபிகோவும் செய்தது. மறைமலைநகர் அன்று இதே காஞ்சிபுரம் மாவட்டம். 2019இல்தான் செங்கல்பட்டுக்குப் போயிற்று. அந்த ஆலையில் 2022இல் கார் உற்பத்தி நின்றது. இங்கே பிறந்த வண்டிகள் சென்னையில் முதல் ஓனர், இரண்டாம் ஓனர் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டு, மூன்றாம் கையாக உத்திரமேரூருக்கும் வந்தவாசிக்கும் மதுராந்தகத்துக்கும் வந்து சேர்கின்றன. நெல் போட்ட காசில் வாங்குகிறவர், தனியார் பள்ளி ஆசிரியர், வாடகைக்கு ஓட்டலாம் என்று கடன் வாங்கிய ஓட்டுநர். புது வண்டிக்கு உள்ள உத்தரவாதம் இவர்களுக்கு இல்லை. இவர்களுக்குக் கிடைப்பது ‘என்ஜின் சூப்பர் கண்டிஷன்’ என்ற ஒரு வாய்ச்சொல்.

அந்த வாய்ச்சொல்லை எப்படிச் சோதிப்பது? புகையிலிருந்து தொடங்குவோம். வெள்ளைப் புகை, நீலப் புகை, கறுப்புப் புகை என்று மூன்று நிறத்தைச் சொல்லிக்கொடுப்பது எளிது. நிறத்தோடு நிறுத்துகிறவர் வாசகர் அல்லர், எழுத்துக்கூட்டுகிறவர். மார்கழிக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளையாக வந்து இரண்டு மூன்று நிமிடத்தில் மறைவது வெறும் நீராவி. எல்லா வண்டியிலும் வரும். சூடான பிறகும் நிற்காமல் வந்து, லேசான தித்திப்பு வாடை அடித்து, ரேடியேட்டரில் கூலண்ட் குறைந்துகொண்டே போனால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சரி, எந்த வழியாக உள்ளே போகிறது? இங்கேதான் பட்டறைக்காரர் ‘எப்போது?’ என்று கேட்கிறார். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எழுப்பும்போது ஒரு மூச்சு நீலமாக வந்து பிறகு தெளிந்துவிட்டால், வால்வு சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கித் தேங்கிய ஆயில் அது. வேகமாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே சற்று ஓடவிட்டு, மறுபடி அழுத்தும்போது ஒரு கொத்தாக வந்தாலும் அதே இடம்தான். மூடிய த்ராட்டிலுக்குப் பின்னால் ஏற்படும் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சி இழுத்திருக்கிறது. அப்படியின்றி அழுத்த அழுத்த நீலம் கூடி, மூன்று பேர் ஏறினால் இன்னும் கூடி, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று வந்தால், பிஸ்டன் ரிங் போய்விட்டது அல்லது போர் தேய்ந்துவிட்டது. டர்போ உள்ள டீசல் வண்டியென்றால் டர்போவின் சீலையும் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் நிறம் ஒன்று, வாடை ஒன்று. பிரித்துக் காட்டுவது காலம் மட்டுமே. வால்வு சீலின் விலை சில நூறு ரூபாய். ரிங், போர் வேலை என்றால் என்ஜினையே கீழே இறக்க வேண்டும். அந்தச் செலவு வண்டி வாங்கிய விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். ‘எப்போது?’ என்று கேட்காத மெக்கானிக்கிடம் போனவர் சீலுக்காகப் போர் வேலை செய்துவிட்டுத் திரும்புவார்.

சந்தேகத்தை உறுதிசெய்ய இன்னோர் அழகான வழி உண்டு. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்ப்பது முதல் படி. ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருந்தால், பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால், ஊற்றிய ஆயில் ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது; எனவே குற்றவாளி ரிங் அல்லது போர். ஏறவில்லையென்றால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு சேர்ந்து குறைந்திருந்தால், நடுவில் கேஸ்கெட் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஸ்பூன் ஆயிலைக் கொண்டு கருதுகோள் ஒன்றைக் கழித்துக் கட்டுகிறார் ஒரு மனிதர். இதைப் பல்கலைக்கழகத்தில் செய்தால் ஆராய்ச்சி, தகரக் கூரைக்குக் கீழே செய்தால் கைவேலை!

மருந்து அதிகாரத்தில் உள்ள அந்தப் புகழ்பெற்ற குறள் இந்நேரம் உங்களில் பலர் நாவில் வந்திருக்கும். தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். அதை ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிவிட்டு உள்ளே ஐந்து பரிசோதனைக்குச் சீட்டு எழுதும் நாட்டில், மேற்கோள் ஒன்றையும் குணப்படுத்தாது.

சத்தத்தைப் பற்றிச் சொன்னால் நம்மவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் அந்தக் காட்சி கவிதைக்கு வசதியானது. அதைக் கவிதையாக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்தக் காதுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வால்வு ஒருமுறை திறக்கும். ஆகவே மேலிருந்து வரும், என்ஜின் வேகத்தில் பாதித் தாளத்தில் ஒலிக்கும் ‘டிக் டிக்’ டேப்பட். அடியிலிருந்து, பாரம் ஏறும்போது கனத்து ஒலிக்கும் ‘டொக் டொக்’ ராட் பேரிங்காக இருக்கலாம். இருக்கலாம்தான். அதை உறுதிப்படுத்த ஒரு சிலிண்டரின் பிளக் ஒயரையோ காயில் இணைப்பையோ எடுத்துப் பார்ப்பார்கள். அந்தச் சிலிண்டரின் வேலை நின்றதும் சத்தம் தணிந்தால் கோளாறு அங்கேதான். வண்டியை விற்கிறவருக்கும் இது தெரியும். கெட்டி ஆயிலை ஊற்றி இந்த டொக் டொக்கைச் சில நூறு கிலோமீட்டர் அடக்கிவைப்பது பழைய தந்திரம். வாங்க வருகிறவர் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைப்பது இன்னொன்று. பானெட்டில் கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் ‘நாளைக் காலையில் வருகிறேன், ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்’ என்று சொல்லத் தெரிந்தால் பாதி ஏமாற்று அங்கேயே முடிந்துவிடும்.

வெள்ளம் ஒரு தனிக் கதை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. நீரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் மேலேற முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துபோகும். லேசாக வளைந்தால் வண்டி ஓடும். ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் சற்றுக் குறையும். ஆயில் ஊற்றினாலும் ஏறாது, வால்வும் கேஸ்கெட்டும் பழுதின்றி இருக்கும். புதிதாகப் பழகியவர் இங்கே குழம்பிப்போவார். தேர்ந்தவர் என்ஜினை விட்டு விலகி வந்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பார். அடி நாடாவில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் தண்டவாளத்தின் இடுக்கில் வண்டல் இருக்கும். பிரதியை விட்டு வெளியே போய்ச் சூழலைப் பார்ப்பதா, பிரதிக்குள்ளேயே நிற்பதா என்று நாம் வருடக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். ஷெட்டில் அந்தச் சண்டை கிடையாது. இரண்டையும் செய்வார்கள்.

இப்போது எதிர்க்கட்சி பேசும். ‘இதெல்லாம் பழைய காலம். இன்று ஸ்கேனரைச் செருகினால் கோளாறு என்னவென்று திரையிலேயே வந்துவிடும்’ என்பார்கள். வராது. திரையில் வருவது ஒரு குறியீட்டு எண். ‘பி0420’ என்று வந்தால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைவாகத் தெரிகிறது என்று பொருள். கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. ‘பி0171’ என்று வந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. ஏன் போதவில்லை? குழாய் வெடித்துத் திருட்டுக் காற்று உள்ளே வரலாம், பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் தூசு படிந்திருக்கலாம். அறிகுறியின் பெயரைக் காரணத்தின் பெயராக எடுத்துக்கொள்வதைத் திறனாய்வில் செய்தால் சிரிப்போம்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் பதினொரு வருடப் பழைய பெட்ரோல் கார் வாங்கினார். என்ஜின் விளக்கு எரிந்தது. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஸ்கேனர் போட்டு, பி0420 என்று படித்து, கன்வெர்ட்டர் மாற்ற எஸ்டிமேட் கொடுத்தார்கள். அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கும் அதிகம். ஊர் திரும்பி ஷெட்டில் விட்டார். அங்கிருந்தவர் ஒரு ஈரத் துணியைச் சுருட்டி, ஓடும் வண்டியின் சைலன்சர் வாயைச் சில நொடி அழுத்திப் பிடித்தார். முன்னால் இணைப்பில் ‘புஸ்’ என்றது. கேஸ்கெட் ஒன்று எரிந்து, அந்த வழியே காற்றும் புகுந்து, சென்சாரைத் தவறாகப் பேசவைத்திருக்கிறது. கேஸ்கெட் மாறியது, விளக்கு அணைந்தது. ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. அது சொன்ன வாக்கியத்தைப் படித்தவர்களுக்குப் பொருள் தெரியவில்லை.

இதனால் ஷெட்டில் இருக்கும் எல்லாரும் ஞானிகள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘இதை மாத்திப் பார்த்துடலாம் சார்’ என்ற வாக்கியம் அங்கேயும் உற்பத்தியாகிறது. பிளக் மாற்றி, காயில் மாற்றி, பம்ப் மாற்றி, கடைசியில் ஒயரில் எலி கடித்திருந்ததைக் கண்டுபிடிப்பார்கள். மாற்றிய உருப்படி ஒவ்வொன்றுக்கும் காசு நம்முடையது. காதை மட்டும் நம்பி இன்றைய காமன்ரெயில் டீசலில் கை வைப்பது ஆபத்து. ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தத்தில் உள்ள அந்தக் குழாயை, பழைய பழக்கத்தில் ஓடும்போதே தளர்த்திப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஸ்கேனரும் வேண்டும், வாசகரும் வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை ஒழிப்பதுதான் நடந்தது.

யார் ஒழித்தது என்பதற்கு ஆவணமே உண்டு. கார் கம்பெனிகள் அசல் உதிரிபாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தம் சர்வீஸ் சென்டர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டன என்று கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25 அன்று 14 கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022இல் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு அமைத்தது, வலைவாசல் திறந்தது. பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது காகிதங்களைப் பற்றியது, உரிமை மாற்றம் பற்றியது. ரிங் தேய்ந்த வண்டியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இவற்றில் எதைப் பற்றியாவது நம் இதழ்களில் ஒரு கட்டுரை வந்து விவாதம் நடந்ததாக உங்களுக்கு நினைவிருக்கிறதா? அறிவைப் பூட்டிவைப்பது பற்றி ஃபூக்கோவை முன்வைத்துப் பேசினோம். பக்கத்துத் தெருவில் பூட்டியது கண்ணில் படவில்லை.

‘இது இலக்கியப் பக்கம், இங்கே கேஸ்கெட் எதற்கு?’ என்ற கேள்வி வரும் என்று தெரியும். கேட்கிறவர் பெரும்பாலும் ராபர்ட் பிர்ஸிக் 1974இல் எழுதிய ஜென்-மோட்டார்சைக்கிள் நூலைச் சிலாகித்தவராகவும் இருப்பார். அந்த நூலில் கோளாறு காண்பதற்கான தர்க்கமுறையைப் படிப்படியாக விளக்கும் பக்கங்கள் உண்டு. தத்துவத்துக்குப் போகிற அவசரத்தில் அவற்றைச் சுங்கச்சாவடி போலக் கடந்துவிட்டோம். அமெரிக்காவில் ஒருவர் போல்ட்டைத் திருகினால் தத்துவம், உத்திரமேரூரில் திருகினால் ரிப்பேர்.

மொழிக்கு வருகிறேன், எனக்கு மிகவும் கோபம் உள்ள இடம் இது. தமிழில் இந்த அறிவைச் சொல்ல முடியாது என்பவர் ஒரு பக்கம். சொல்லலாம், ஆனால் முதலில் உள்ளெரி பொறி, உந்துதண்டு, தீப்பொறிச் செருகி என்று பெயர்களை மாற்றுவோம் என்பவர் மறுபக்கம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரவியலைத் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. கலைச்சொல் பட்டியல்கள் அதற்கு உதவியிருக்கலாம், எனக்கு வழக்கில்லை. ஆனால் இரு சாராரும் பார்ப்பது பெயர்ச்சொற்களை மட்டும். ஷெட்டில் பெயர்ச்சொல் ஆங்கிலம்தான்: ரிங், வால்வு, பிளக். ரிங் வழியே கீழிறங்கும் காற்றுக்கு ‘பேக் கம்ப்ரஷன்’ என்று அவர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த இங்கிலாந்துப் புத்தகமும் தராத, கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லும் பெயர். வினைச்சொல்லோ முழுக்கத் தமிழ். யோசனை நடப்பது அந்த வினையில்.

வண்டி ஆயில் ‘குடிக்கிறது’ என்றால் உள்ளே எரிகிறது. ‘கசிகிறது’ என்றால் வெளியே போகிறது. இரண்டிலும் டிப்ஸ்டிக்கில் அளவு குறையும், வைத்தியம் வேறு. ‘இழுக்கவில்லை’ என்பது ஒரு நோய். பாரம் ஏறும்போது ‘திணறுகிறது’ என்பது இன்னொன்று. ‘அடைக்கிறது’ என்றால் ஓட்டத்தில் கணநேரம் மூச்சு நின்று மறுபடி வருகிறது. பெட்ரோல் வரும் பாதையைப் பார்க்கச் சொல்லும் வினை அது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில், டேங்கில் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துத் தண்ணீர் பிரிந்திருந்தாலும் இதே அடைப்பு வரும். ஈ20 பெட்ரோல் நாடெங்கும் பரவிய 2025க்குப் பிறகு, அதற்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் இதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. ‘மிஸ் அடிக்கிறது’ என்றால் தாளம் தவறாமல் ஒரு சிலிண்டர் மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறது. பிளக்கையும் காயிலையும் முதலில் பார்.

கி. ராஜநாராயணன் கரிசல் சம்சாரிகளின் சொற்களை அகராதியாக்கினார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களைத் தொகுத்தார். இருவரையும் கொண்டாடினோம், நியாயமாகவே. மண்ணிலிருந்து வந்தால் வட்டார வழக்கு, ஷெட்டிலிருந்து வந்தால் கொச்சை என்ற கணக்கு யார் போட்டது? ஏர்க்காலின் உறுப்புக்குப் பெயர் தெரியாத நாவலாசிரியரைக் கண்டிக்கும் விமர்சகர், தினமும் தான் ஏறிப்போகும் வண்டி திணறுகிறதா அடைக்கிறதா என்று சொல்ல முடியாமல் நிற்கிறார். அவருக்குப் பரவாயில்லை, டாக்சி பிடித்துக்கொள்வார். கடன் வாங்கி வண்டி எடுத்த ஓட்டுநர் சர்வீஸ் சென்டர் மேசையில் நின்று, ‘கொஞ்ச தூரம் போனதும் அடைக்குது சார், நின்னு போனா சரியாயிடுது, மிஸ்ஸிங் இல்லை’ என்று சொல்கிறார். நோயின் பாதி விவரம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. சூடானபின் வருகிறது, எரிபொருள் சார்ந்தது, பற்றவைப்பு சார்ந்தது அல்ல. மேசைக்குப் பின்னால் உள்ள இளைஞர் தலையாட்டிவிட்டு ஜாப் கார்டில் ‘பிக்கப் கம்ப்ளைன்ட்’ என்று எழுதுகிறார். ஸ்கேனர் அறைக்குள் போவது அந்தக் கார்டு மட்டும்தான்.